கோயில் சாவியும் பதினெட்டு அலையும்

போன மாதம் கோயில் கூடத்தில் நம் வயதுக்காரர்களுக்காக ஒரு கூட்டம் நடந்ததே, அதில் நான் பாதியில் எழுந்து போனது உங்களில் பலருக்கு வருத்தம். வடை வருமுன்னே எழுந்து போகிறவள் இல்லையே இவள் என்று ஒருத்தி சொன்னாளாம். உண்மைதான், நான் வடையை விடுகிறவள் இல்லை. ஆனால் அன்று என்னால் உட்கார முடியவில்லை. ஏன் என்று வாயால் சொன்னால் பத்து இடத்தில் தடுமாறுவேன். அதனால் எழுதித் தருகிறேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படியுங்கள்.

அந்த நர்சுப் பெண் ஜமக்காளத்தை விரித்து, தன்னோடு வந்த பையனை அதில் படுக்க வைத்துவிட்டு, "யாருக்காவது திடீர்னு வலிப்பு வந்துட்டா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள். நாம் இருபது பேரும் பள்ளிப் பிள்ளைகளைப் போலக் கத்தினோம்: "கையில சாவி குடுப்போம்!" அவள் சிரித்துவிட்டாள். நீங்களும் சிரித்தீர்கள். உங்கள் எல்லோரையும்விட உரக்கக் கத்தியவள் நான்தான். யோசிப்பதற்குள் வாய் கத்திவிட்டது.

பிறகு அவள் செய்து காட்டினாள். பக்கத்திலிருந்த நாற்காலியை நகர்த்தினாள். தலைக்கடியில் துண்டை மடித்து வைத்தாள். பையனை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். கையையும் காலையும் அமுக்கிப் பிடிக்கக்கூடாது, வாயில் எதையும் திணிக்கக்கூடாது, முழுசாக நினைவு வரும்வரை தண்ணீர் கொடுக்கக்கூடாது, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே இருக்க வேண்டும், ஐந்து நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரி என்றாள். "இரும்புக்கும் இதுக்கும் சம்பந்தமே கெடையாது. பெரும்பாலும் ரெண்டு மூணு நிமிஷத்துல அதுவாவே அடங்கிடும்" என்றாள். அந்த இடத்தில்தான் நான் எழுந்தேன். அவள் சொன்ன எதுவும் எனக்குப் புதிதில்லை. இதையெல்லாம் ஒன்பது வயதிலேயே ஒரு முறை கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது உலகச் சண்டைக்கு இரண்டு மூன்று வருடம் முந்திய கோடை அது, நம் ஊரைப் பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலம். அப்பா மாதா கோயிலில் கோயில்பிள்ளை. பூசைக்குக் கோயிலைத் திறப்பது, மணி அடிப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, மறுபடி பூட்டுவது, எல்லாம் அவர்தான். எங்கள் வீடு கோயிலிலிருந்து பத்து வீடு தள்ளி. அக்காவுக்குப் பதின்மூன்று வயது. கன்னியர் பள்ளியில், படிப்பை முடித்ததற்குச் சான்று தரும் செர்த்திபிக்கா பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பரீட்சையில் தேறினால் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் மெத்ரெஸ் வேலைக்கு அவளை எடுத்துக்கொள்வதாக மசேர் சொல்லியிருந்தார். மடத்துக் கன்னியர்களை நாம் மசேர் என்றுதானே கூப்பிட்டோம். அக்காவுக்கு அதைத் தவிர வேறு பேச்சில்லை. தினமும் சாயங்காலம் என்னைப் பலகையில் உட்கார வைத்து, முருங்கைக் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு, எனக்கு மெத்ரெஸாக இருந்து பார்ப்பாள். நான் ஓர் இடத்தில் உட்காருகிற பிள்ளையா? அவளுக்குப் பொறுமை அதிகம்.

தவக்காலத்தில் ஒரு மத்தியானம் அவள் பீடத் துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். "கருகுற வாசனை வருதுடி" என்றாள். நான் ஓடிப்போய்த் துணியைப் பார்த்தேன். துணி நன்றாகத்தான் இருந்தது. நிமிர்ந்து பார்க்குமுன் அவள் விழுந்துவிட்டாள். கரி நிரம்பிய இஸ்திரிப்பெட்டி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். கண் மேலே சொருகி, கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. அம்மா, "சேசுவே, மாதாவே" என்று அலறினாள். யாரோ ஓடிப்போய்ச் சொல்ல, அப்பா கோயிலிலிருந்து கையில் சாவியோடு ஓடி வந்தார். அக்காவின் விரல்களைப் பிரித்துச் சாவியை வைத்து அழுத்தினார். கொஞ்ச நேரத்தில் உடம்பு அடங்கியது.

அதோடு முடிவாகிவிட்டது. இரும்புக்கு வலிப்பு அடங்கும் என்பது ஊருக்கே தெரிந்த சங்கதி. எங்களிடம் இருந்ததோ கோயில் இரும்பு. சும்மா இரும்பே கேட்கும் என்றால் மந்திரித்த இரும்பு கேட்காதா? ஒரு சாண் நீளம், மூன்று விரல் நுழையும் வளையம், கையில் எடுத்தால் நாள் முழுக்கப் போகாத துரு வாசனை. அடுத்த முறையும் அப்படியே நடந்தது. அதற்கடுத்த முறையும். சாவியைத் தேடி எடுத்து, ஓடி வந்து, இழுத்துக்கொண்டிருக்கும் விரல்களைப் பிரித்து வைப்பதற்குள் இரண்டு நிமிடம் ஆகிவிடாதா என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

சாவி மட்டும் என்றால் பரவாயில்லை. அம்மா நாக்கு கடிபடக்கூடாது என்று அகப்பைக் காம்பைப் பல்லுக்கிடையில் திணிப்பாள். நெல்லித்தோப்பிலிருந்து சித்தப்பா சைக்கிளில் வந்து போவார். ஆலையில் மூட்டை தூக்கியவர், தன் பலத்தைக் காட்ட எப்போதும் ஒரு சாக்குத் தேடுகிறவர். அவர் இருந்தால் அக்காவின் முழங்கால் மேல் ஏறி உட்கார்ந்துவிடுவார். அப்பா தோளை அமுக்குவார். நாலு சுவரும் அதிரும் சத்தம் இவர்களுடையதுதான், அவளுடையது இல்லை. எல்லாம் அடங்கி அவள் விழித்ததும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "என்னை யாரும்மா அடிச்சது?" முன்பல் ஒன்று பாதி உடைந்தது. படியில் விழுந்தாள் என்று பள்ளியில் சொன்னோம்.

பள்ளிக்குத் தெரியக்கூடாது என்பதுதான் எங்கள் வீட்டின் ஒரே கவலை. முந்தின வருடம் ஒரு பெண்ணுக்கு வகுப்பில் வலிப்பு வந்தது. அவள் உட்கார்ந்த பெஞ்சைப் பினாயில் ஊற்றிக் கழுவினார்கள். அந்தப் பெண் திரும்பி வரவே இல்லை. அது தொத்திக்கொள்ளும் என்று எல்லோரும் நம்பிய காலம். ஆகவே பரீட்சை முடியும்வரை ஒரு வெளியாளுக்கும் மூச்சு விடக்கூடாது, சாவி எந்நேரமும் அக்கா பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று அப்பா தீர்மானித்தார். விடியற்காலைப் பூசை முடிந்து கோயிலைப் பூட்டியதும் சாவி என்னிடம் வரும். அம்மா என் பாவாடைக்கு உள்பக்கம் ஒரு பை தைத்துக் கொடுத்தாள்.

ஐயோ, அந்தச் சாவி! நடந்தால் தொடையில் இடிக்கும். ஓடினால் இன்னும் இடிக்கும். பச்சைக்குதிரை போச்சு, பாண்டி ஆட்டம் போச்சு. வகுப்பில் நான் உட்கார்ந்த இடத்திலிருந்து நடைபாதைக்கு அப்பால் அக்காவின் வகுப்பு தெரியும். அவள் மூக்கைச் சுருக்குகிறாளா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். மடத்துச் சமையலறையில் எது தீய்ந்தாலும் பைக்குள் கைவிட்டுச் சாவியைப் பிடித்துக்கொள்வேன். கணக்கும் ஏறவில்லை, பிரெஞ்சும் ஏறவில்லை. இன்றைக்கும் பால் அடிப்பிடித்தால் நான் அடுப்பைப் பார்ப்பதில்லை, சுற்றியிருக்கிற மனிதர்களின் முகத்தைத்தான் பார்க்கிறேன்.

ஒரு நாள் சொன்ன நேரத்துக்கு முன்பே ஒரு சாவு கோயிலுக்கு வந்துவிட்டது. பூட்டிய கதவுக்கு முன்னால் பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு வெயிலில் நாலு பேர். பங்குச் சாமியார் வெள்ளைக்காரர், கோபம் வந்தால் பாதி பிரெஞ்சு பாதி தமிழில் பொரிந்து தள்ளுவார். அப்பா மூச்சிரைக்கப் பள்ளிக்கு ஓடி வந்து, "சின்னவ வீட்டுச் சாவிய எடுத்துட்டு வந்துட்டா" என்று மசேரிடம் கெஞ்சினார். நான் பாவாடைக்குள்ளிருந்து ஒரு சாண் நீளச் சாவியை உருவியதும் வகுப்பே சிரித்தது. எந்த வீட்டுக்கு அவ்வளவு பெரிய சாவி என்று மசேர் கேட்கவில்லை. ஆனால் கோயில் சாவி ஏன் கோயிலில் இல்லை என்று சாமியார் அப்பாவைக் கேட்டார். அன்றிலிருந்து கோயிலில் வேலை வரக்கூடிய நேரமெல்லாம் சாவி அப்பாவிடம், மற்ற நேரம் என்னிடம். சாவி என்னிடம் இல்லாதபோது அக்கா வாசல் தாண்டக்கூடாது.

வியாழக்கிழமை நமக்குப் பள்ளி விடுமுறை, நினைவிருக்கிறதா? மே மாதம், மாதா வணக்க மாதம் அது. பீடம் சோடிக்க அப்பா மத்தியானமே சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். பரீட்சைக்கு இன்னும் ஆறு நாள். பிரெஞ்சுப் பாடத்தை உரக்க ஒப்பித்துப் பார்க்க வேண்டும், வீட்டில் சித்தப்பா கேலி செய்கிறார் என்றாள் அக்கா. அம்மா கண்ணயர்ந்திருந்தாள். "கடக்கரைக்குப் போலாமாக்கா?" என்று கேட்டவள் நான்தான். எனக்குச் சாவியில்லாமல் ஓட வேண்டும் போலிருந்தது.

வைத்திக்குப்பத்துப் பக்கம் கட்டுமரங்களை மணலில் ஏற்றி வைத்திருந்தார்கள். எங்கள் தெருவுக்கு மீன் கொண்டு வருகிற மீன்காரம்மா படகு நிழலில் உட்கார்ந்து, கருவாட்டுக்காக மீனைக் கீறி உப்பு வைத்துக்கொண்டிருந்தாள். முகத்தில் சிரிப்பே இல்லாத பொம்பிளை. எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி மீனைப் பார்த்தாள். அக்கா கடலைப் பார்த்து நின்று ஒப்பித்தாள். நான் அலையோடு ஓடினேன். திரும்பி வந்தபோது, "கருகுற வாசனை..." என்றாள். அங்கே கருக என்ன இருக்கிறது?

மணலில் விழுந்தாள். "இரும்பு! யாராவது இரும்பு குடுங்க!" என்று கத்தினேன். மீன்காரம்மாவின் கையில் கத்தி இருந்தது. கத்தியும் இரும்புதானே. பாய்ந்து அதைப் பிடுங்கிக்கொண்டு அக்காவை நோக்கி ஓடினேன். இழுத்துக்கொண்டிருக்கும் கையில் அதை வைத்து அழுத்தத்தான் ஓடினேன்.

மீன்காரம்மா என் மணிக்கட்டைத் திருகிக் கத்தியைத் தூர எறிந்தாள். "அடி பைத்தியம், கத்தியவா குடுப்ப? தள்ளு." தன் தலைச் சும்மாட்டை எடுத்து அக்காவின் தலைக்கடியில் நுழைத்தாள். பக்கத்திலிருந்த கூடையைக் காலால் தள்ளினாள். அக்காவை ஒருக்களித்துத் திருப்பினாள். வாய் நுரை மணலில் வழிந்தது. அவ்வளவுதான். பிறகு அப்படியே பக்கத்தில் குந்திக்கொண்டு, அக்காவின் தோளில் ஒரு கையை லேசாக வைத்துக்கொண்டு, கடலைப் பார்த்து முணுமுணுக்க ஆரம்பித்தாள்.

"கையப் புடி! கையப் புடிச்சி அமுக்கு!" என்று அவளைக் குத்தினேன்.

"கம்முனு குந்து. எண்ணிக்கினு கீறேன்."

"என்ன எண்ணுற?"

"அலை. நாப்பது தாண்டினா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு ஓடணும். அதுக்குள்ள அடங்கிடும். எங்கூடப் பொறந்தவனுக்கு இருந்துது, எனக்குத் தெரியாதா? ஏழு... எட்டு..."

வலை பின்னுகிறவர் ஒருவரும் இரண்டு மூன்று பிள்ளைகளும் வந்து எட்டிப் பார்த்தார்கள். அவள் எழுந்து நின்று முந்தானையை விரித்து மறைத்தாள். "வெயிலு. பொண்ணுக்கு மயக்கம். இன்னா வேடிக்க? போங்க." எண்ணிக்கையை மட்டும் விடவில்லை. பதினெட்டாவது அலைக்கு அக்காவின் உடம்பு தளர்ந்தது. பானையிலிருந்து கொட்டாங்கச்சியில் தண்ணீர் கொண்டு வந்தேன். "இப்ப ஊத்தினா மூச்சுல பூடும்" என்று தட்டிவிட்டாள். வெகு நேரம் கழித்து அக்கா கண்ணைத் திறந்து, "எங்கடி இருக்கோம்?" என்றாள். யார் அடித்தது என்று கேட்கவில்லை. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

வீட்டில் அம்மா அக்காவின் தலையை வாரும்போது சீப்பில் மீன் செதில் வந்தது. "இது எங்கேருந்து வந்துச்சி?" அக்கா விழித்தாள்; அவளுக்குப் பாதிதான் நினைவு. அம்மா என் பக்கம் திரும்பினாள். சாவியில்லாமல் வாசல் தாண்டியதற்கு விளக்குமாறு காத்திருந்தது. அதிலிருந்து தப்பிக்க நான் மீன்காரம்மாவைப் பிடித்துக்கொண்டேன். இரும்பைத் தர விடவில்லை என்றேன். என் கையைத் திருகினாள் என்றேன். ஒரு வாய்த் தண்ணீர் தரவில்லை, அக்காவை மீன் மாதிரி மணலில் போட்டுவிட்டுக் கடலைப் பார்த்து என்னமோ முணுமுணுத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள் என்றேன். எல்லாம் நடந்ததுதான், ஒரு வார்த்தை பொய்யில்லை. அடி விழவில்லை. "மந்திரம் போட்டிருக்கா அவ" என்றார் சித்தப்பா.

மறுநாள் வெள்ளிக்கிழமை, நாம் கறி தொடாத நாள், எல்லா வீட்டிலும் மீன். அவள் எங்கள் வாசலில் கூடையை இறக்கினாள். எதிர்ச் சாரியில் மடத்துச் சமையல்காரம்மா தட்டோடு காத்து நின்றாள். மீன்காரம்மா அம்மாவின் பக்கத்தில் குனிந்து, மெதுவாகத்தான் கேட்டாள்: "பெரிய பொண்ணு எப்படிக் கீது?"

அம்மா வெடித்தாள். "எம்பொண்ணு வலிப்பு வந்து கெடக்குறப்ப பொணத்தப் பாக்குற மாதிரி பாத்துக்கிட்டு குந்தியிருந்தியே, நீ பொம்பளையா? பச்சத் தண்ணி குடுக்க மனசு வரலியே! என்னாடி மந்திரம் சொன்ன?"

"அம்மா, மெதுவா. தெருவே கேக்குது."

"கேக்கட்டும்! மூணு மாசமா நாங்க அந்த வலிப்போட மல்லுக்கு நிக்கிறோம், நீ வந்து..."

மீன்காரம்மா எதிர்ச் சாரியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கூடையைத் தலையில் ஏற்ற எப்போதும் அம்மா ஒரு கை கொடுப்பாள். அன்று யாரும் கொடுக்கவில்லை. அவள் மண்டி போட்டு, முழங்காலில் வைத்து, தானாகவே தலைக்கு ஏற்றிக்கொண்டு போனாள். நான் மூன்றடி தூரத்தில்தான் நின்றேன். அதற்குப் பிறகு அவள் எங்கள் தெருவுக்கு வரவில்லை. கடற்கரையில் முந்தானை விரித்து அவள் மறைத்ததை எங்கள் வாசலில் நாங்களே விரித்துக் காட்டிவிட்டோம்.

பகல் மணி அடிக்குமுன் மசேர் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். திரும்பி வந்த அப்பா சட்டையைக் கழற்றாமல் வெகு நேரம் நின்றார். "ஒடம்ப நல்லாப் பாத்துக்கட்டுமாம். அடுத்த வருசம் யோசிக்கலாமாம்." அடுத்த வருடம் என்று ஒன்று இல்லை என்பது எனக்கே புரிந்தது. பரீட்சைக்காகத் தைத்த வெள்ளைக் கவுனை அக்கா மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தாள். அழவில்லை. அவள் அழுதிருக்கலாம்.

அன்று சாயங்காலம் கிணற்றடியில் என்னைக் கேட்டாள்: "கடக்கரையில அந்தம்மா என்னடி பண்ணாங்க எனக்கு?" இந்த முறை சரியாகச் சொன்னேன், கத்தியையும் சேர்த்து. அவள் கேட்டுவிட்டு, "அன்னிக்கு மட்டுந்தான்டி எனக்கு எங்கயும் வலிக்கல" என்றாள். பிறகு என் கையைப் பிடித்தாள். "நான் சொன்னா, மயங்கிக் கெடந்தவளுக்கு என்னா தெரியும்பாங்க. நீ பாத்தவ. அப்பாகிட்ட சொல்லுடி. பரீட்ச போனாப் போவுது. காலு மேல குந்த வேணாம், வாயில எதையும் வெக்க வேணாம்னு சொல்லு."

"சும்மா சொன்னா நம்ப மாட்டாங்கக்கா. அடுத்த தடவ சாவி குடுக்காம நிக்கிறேன். தானா அடங்குறத அவங்களே பாக்கட்டும்" என்றேன். மாதா மேல் ஆணையாகவும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து, கோயில் பூட்டி, சாவி என் பைக்குள் வந்து அரை மணி நேரம் இருக்கும்; அதைக் கொடுத்துவிட்டு அப்பா வெளியே போயிருந்தார். அக்கா மூக்கைச் சுருக்கினாள். அம்மா அகப்பையை எடுத்தாள். சித்தப்பா முழங்கால் மேல் ஏறினார். "சாவி! சாவி எங்கடி?" நான் சுவரோடு சாய்ந்துகொண்டு, பாவாடைக்கு மேலேயே சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மனதுக்குள் கடலைக் கொண்டு வந்தேன். ஒன்று. இரண்டு. அம்மா கத்தினாள். பை முடிச்சு அவிழவில்லை என்றேன். ஒன்பது. பத்து. அகப்பைக் காம்பில் இரத்தம் தெரிந்தது. பதினாறு. பதினேழு. அக்காவின் கை தளர்ந்து பாயில் விழுந்தது. உண்மைதான். சாவி இல்லாமலே.

வாசலில் அப்பாவின் செருப்புச் சத்தம். "சாவிய வெச்சிக்கினு மரமாட்டம் நிக்கிறா பாருங்க இவ!" என்று அம்மா என்னைக் காட்டினாள். அப்பா நெருங்கி வந்தார். இரண்டு நாளாகச் சாப்பிடாத முகம். எனக்கு எல்லாம் ஒரே நேரத்தில் தெரிந்தது. அந்த மீன்காரம்மா செய்தது சரி என்று சொன்னால், நான் முதலில் சொன்னது என்ன? அதனால் போனது என்ன? அக்காவின் பரீட்சையைக் கெடுத்தது யார்? ஒரே இழுப்பில் சாவியை உருவி அக்காவின் விரல்களுக்குள் திணித்தேன்.

"குடுத்தியா இல்லியாடி?" என்றார் அப்பா.

"குடுத்தேம்பா. குடுத்ததும் நின்னுடுச்சி."

"பாத்தியா" என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். அவர் குரலில் எவ்வளவு நிம்மதி! அந்த நிம்மதியிலேயே எங்கள் வீடு ஐம்பது வருடம் ஓடியது. அக்கா அறுபது தாண்டித்தான் போனாள். அதற்குள் இன்னும் மூன்று பல். சாவி கொடுத்தால் நிற்கும் என்பதற்குச் சாட்சி நான். எங்கள் தெருவில் யாருக்கு வலிப்பு வந்தாலும் என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

போன வாரம் பேரனின் கைக்கடிகாரத்தை வாங்கிக்கொண்டு வைத்திக்குப்பத்துக்குப் போய் எண்ணிப் பார்த்தேன். நாற்பது அலைக்கு ஐந்து நிமிடம், கொஞ்சம் கூடக் குறைய.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன், அதைச் சொல்லி முடித்துவிடுகிறேன். நான் பொய் சொல்லி முடித்தபோது அக்காவின் கண் திறந்திருந்தது. எவ்வளவு நேரமாகத் திறந்திருந்தது என்று தெரியாது. என்னைப் பார்த்தாள். யார் அடித்தது என்று அன்றைக்கும் கேட்கவில்லை. கையிலிருந்த சாவியைச் சத்தமில்லாமல் பாய்க்கு வெளியே வைத்தாள். சுவர்ப்பக்கம் திரும்பி, மீன்காரம்மா மணலில் படுக்க வைத்த மாதிரியே, தானாக ஒருக்களித்துப் படுத்துக்கொண்டாள்.